ஒரு காந்தம் என் பீரோவில் இருக்கிறது



1989 என்று நினைவு. எட்டாம் வகுப்பில் மின்தடை பாடம். நீளம், பருமன், பொருள், வெப்பநிலை, இந்த நான்கைப் பொறுத்துத்தான் மின்தடை மாறும் என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். கையில் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம்.

"சார், இரும்புக் கம்பி பக்கத்துல இதை வச்சா கரண்ட் குறையுமா?"

"நாலுதான்னு எழுதியிருக்கேன்ல? உட்காரு." காந்தத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அவன் கேள்வியே கேட்கவில்லை.

போன மாதம் என் அண்ணன் பேத்தி வந்திருந்தாள். இயற்பியலில் எம்.எஸ்சி. படிக்கிறாள், புராஜெக்ட், ஃபெரோ காந்த மென்படலங்கள். "காந்தம் வச்சா இதோட ரெசிஸ்டன்ஸ் மாறும், சின்னத் தாத்தா" என்றாள் சாதாரணமாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரும்பிலும் நிக்கலிலும் இப்படி நடப்பதை வில்லியம் தாம்சன், நமக்கெல்லாம் கெல்வின் என்று தெரிந்தவர், 1850-களிலேயே கண்டுவிட்டாராம். மின்னோட்டத்தின் திசையில் காந்தமாக்கினால் இரும்பின் தடை சற்றுக் கூடும். குறுக்காக என்றால் குறையும்.

இன்னொன்றும் சொன்னாள். இரும்பு, குரோமியம், மறுபடி இரும்பு என்று சப்பாத்தி அடுக்குவதுபோல் படலங்களை அடுக்குகிறார்கள். குரோமியம் சில அணுக்கள் கனம்தான். இரும்பு அடுக்குகளின் காந்தத் திசைகள் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால் எலக்ட்ரான்கள் அதிகம் சிதறும், தடை கூடும். வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பினால் தடை சட்டென்று இறங்கும். எலக்ட்ரானின் ஸ்பின்தான் காரணம். பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழு கடுங்குளிரில் அளந்தபோது தடை ஏறக்குறைய பாதியானது. அது வெளியானது 1988-இல், நான் அவனை உட்காரச் சொன்னதற்கு முந்தைய வருடம்! ஃபெர்ட்டுக்கும் ஜெர்மனியின் பீட்டர் குரூன்பெர்குக்கும் 2007-இல் நோபல் பரிசு. கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கில் அவ்வளவு தகவல்களை நெருக்கி வைக்க முடிந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

அன்று சோதித்திருந்தால் பல்ப் மங்கியிருக்காதுதான். சாதாரண இரும்புக் கம்பியில் அந்த மாற்றம் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. ஆனால் நான் அந்தக் காரணத்தால் மறுக்கவில்லையே. பயிற்சிப் பள்ளியில் படித்த நான்கோடு என் அறிவு நின்றிருந்தது.

பெயர் போட்டு அவனைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். காந்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓரம் சற்று உடைந்திருக்கிறது, ஆனால் ஆணியை இன்னும் நன்றாகவே இழுக்கிறது.