ஒரு முன்கள வீரரின் பணிப்பதிவேடு

ஐ. எம். விஜயனைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் சோடாப் புட்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில் புட்டிக்கு 10 பைசா என்று சோடா விற்ற சிறுவன், பின்னாளில் இந்திய அணியின் முன்கள வீரராகி, மூன்று முறை நாட்டின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்வு பெற்றான் என்பது அந்தக் கதை. கதை மெய்யானதே. எனினும் அது கேட்பவருக்கு மிகவும் வசதியான கதை. வறுமையில் பிறந்த ஒருவர் திறமையால் உயர்ந்தார் என்று சொல்லி முடித்துவிட்டால், அவருக்கு இருபது ஆண்டுகள் ஊதியம் கொடுத்தவர்கள் யார், எதை எதிர்பார்த்துக் கொடுத்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. நெசவாலைத் தொழிலாளியைப் பற்றியோ தோட்டத் தொழிலாளியைப் பற்றியோ எழுதும்போது நம் ஆய்வாளர்கள் முதலில் எழுப்பும் கேள்வி அதுதான். விளையாட்டு வீரர் என்று வந்தவுடன் ஏனோ அந்தக் கேள்வி கைநழுவிவிடுகிறது.

விஜயன் ஆடிய கழகங்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். 1987இல் கேரளக் காவல்துறை. 1991இல் மோகன் பகான். அடுத்த ஆண்டு மறுபடி காவல்துறை, அதற்கடுத்த ஆண்டு மறுபடி மோகன் பகான். பிறகு பஞ்சாபின் ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், மூன்றாம் முறையாக மோகன் பகான், திரும்பவும் கொச்சின், ஈஸ்ட் பெங்கால், திரும்பவும் ஜே.சி.டி., கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், முடிவாக 2005–06இல் மீண்டும் ஈஸ்ட் பெங்கால். மேலோட்டமாகப் பார்த்தால் ஓரிடத்தில் நிலைகொள்ளாத மனிதரின் பயணம் போலத் தோன்றும். ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த முதலாளிகளை உற்று நோக்கினால் வேறொன்று தெரியவருகிறது. ஓர் அரசுத் துறை, உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகிகள் நடத்தும் இரண்டு பழைய கழகங்கள், ஒரு துணியாலை, கால்பந்தையே தொழிலாகக் கொள்ள முயன்ற ஒரு நிறுவனம், ஒரு குடும்பம் நடத்திய கழகம். தனியுரிமை பெற்ற அணிகளைக் கொண்ட சூப்பர் லீக் வருவதற்கு முன், இந்தியாவில் கால்பந்து ஆடிப் பிழைக்க இருந்த வழிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மனிதரின் பணிப்பதிவேட்டில் அடங்கிவிடுகின்றன.

முதல் வழி, அரசு வேலை. அப்போது கேரளக் காவல்துறையின் தலைவராக இருந்த எம். கே. ஜோசப்பின் ஆர்வத்தால் 17 வயதில் அவர் அந்த அணிக்குள் வந்தார். வி. பி. சத்யன், யு. ஷரஃப் அலி, சி. வி. பாப்பச்சன், கே. டி. சாக்கோ, குரிகேஷ் மாத்யூ ஆகியோர் ஒருசேர ஆடிய அணி அது. 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் தொடர்ந்து இருமுறை கூட்டமைப்புக் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெருங்கழகங்களும் கோவாவின் அணிகளும் கோலோச்சிய போட்டியில் ஒரு மாநிலக் காவல்துறை அணி அவ்வாறு வென்றதைக் கேரளத்தின் முதியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் இயல்பு எளிமையானது. வீரர் விளையாட்டு ஒதுக்கீட்டில் பணியில் சேர்வார். கோல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் மாதச் சம்பளம் வரும். முழங்கால் கெட்டுப்போனால் ஆடுவதுதான் நிற்கும், வேலை நிற்காது. தொகை சிறிது, ஆயினும் அதன் மறுமுனையில் ஓய்வூதியம் இருந்தது.

கல்கத்தா அதற்கு நேர்மாறு. அங்கே ஒரு பருவத்துக்குக் கிடைக்கும் பணம் காவலரின் சம்பளத்தோடு ஒப்பிட முடியாதது. வீரர்களை ஒப்பந்தம் செய்யும் நாட்கள் அந்நகரத்தில் தனி நாடகமாகவே நடந்துவந்தன. எதிர்க்கழகத்தார் கொத்திக்கொண்டு போய்விடாதபடி, கையெழுத்திடும் நாள்வரை வீரரை ரகசியமான இடத்தில் தங்க வைத்துக் காவல் காப்பது வழக்கமாக இருந்தது. இதைச் சுவையான கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு தொழிலாளியை அவரது உழைப்பு தேவைப்படும்வரை பூட்டி வைப்பது என்று வேறு சொற்களில் சொன்னால் சிரிப்பு சற்றுக் குறையக்கூடும். மைதானத்தில் மட்டும் அந்நகரம் விஜயனை மனம்நிறைய ஏற்றது. வங்காளிகள் அவருக்கு 'காலோ ஹரின்', அதாவது கருமான் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரிலேயே ஓர் ஆவணப்படமும் பின்னர் வந்தது. 1992இல் அவர் காவல்துறைக்குத் திரும்பியதையும், ஓராண்டில் மீண்டும் கல்கத்தாவுக்கே போனதையும் பலர் முடிவெடுக்கத் தெரியாமை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வாசிப்பு சரியன்று. ஒருபுறம் நிலையான சிறு வருவாய், மறுபுறம் நிலையற்ற பெருந்தொகை என்ற இரண்டுக்கும் இடையே, குடும்பத்தைத் தாங்க வேண்டிய 23 வயது இளைஞர் ஒருவர் தடுமாறியதில் வியப்பென்ன?

அவரது ஆட்டம் முழுமை பெற்றது பக்வாராவில். ஜே.சி.டி. என்பது ஜகத்ஜித் பருத்தி ஆலையின் அணி. சுக்விந்தர் சிங்கின் பயிற்சியில் அந்த அணி 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் கூட்டமைப்புக் கோப்பையையும், 1996–97இல் முதலாவது தேசியக் கால்பந்து லீகையும் வென்றது. விஜயனுடன் முன்களத்தில் நின்றவர் சிக்கிமிலிருந்து வந்த, அவரைவிட ஏழு வயது இளைய பாய்ச்சுங் பூட்டியா. அந்த லீகில் 14 கோல்களுடன் முதலிடம் பெற்றவர் பூட்டியாதான். புள்ளிவிவரத்தை மட்டும் காண்பவர் இளையவர் மூத்தவரை முந்திவிட்டார் என்றே கருதுவார். ஆட்டத்தின் உள்ளமைப்பு வேறு. விஜயன் கோலுக்கு முதுகு காட்டி நின்று, வரும் பந்தை மார்பிலோ தொடையிலோ அடக்கி, தடுப்பாட்டக்காரர்கள் இருவரைத் தம்மை நோக்கி இழுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவர். அப்படி இழுத்ததால் திறக்கும் இடைவெளியில் வேகமாக ஓட ஒருவர் வேண்டும், பூட்டியா ஓடினார். கோலுக்கு முந்திய அந்த இரண்டு நொடிகளுக்கு நம் பதிவேடுகளில் கட்டம் கிடையாது. கார்ல்டன் சாப்மன் நடுக்களத்திலும், எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடிய ஜோ பால் அஞ்சேரி எங்கெங்கும் நிறைந்திருந்த அந்த அணியை, இந்தியாவில் உருவான மிகச் சிறந்த கழக அணிகளுள் ஒன்று என்று சொல்வதில் மிகையில்லை.

அந்த அணியைப் பேணிய ஆலை 2011இல் அதைக் கலைத்தது. அணிக்குப் போதிய தொலைக்காட்சி வெளிச்சம் கிடைக்கவில்லை என்பது நிறுவனம் கூறிய காரணங்களுள் ஒன்று. பம்பாயின் மஃபத்லால், ஆர்க்கே ஆலை அணிகள் அதற்கு முன்பே வழக்கொழிந்திருந்தன. ஆலை அணி என்பது ஆலையின் இலாபத்தில் ஒட்டிப் படர்ந்த கொடி. கால்பந்தின் வருவாயில் அது வேர் பிடித்ததே இல்லை. பார்வையாளர் இல்லாமல் இந்த ஆட்டம் நலிந்தது என்று ஒரு வாதம் உண்டு. 1997 ஜூலையில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதிக்குச் சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேர் திரண்டார்கள். கூட்டம் இருந்தது, அந்தக் கூட்டத்தை வீரரின் நிலையான ஊதியமாக மாற்றும் அமைப்புதான் இல்லை.

அப்படி ஓர் அமைப்பை உருவாக்கும் முயற்சியாக 1997இல் எஃப்.சி. கொச்சின் பிறந்தது. முழுமையாகத் தொழில்முறையில் நடத்தப்பட்ட முதல் இந்தியக் கழகம் என்று அதைக் குறிப்பிடுவது வழக்கம். விஜயன் சொந்த மாநிலத்துக்குத் திரும்பினார். முதல் ஆண்டிலேயே இறுதியாட்டத்தில் மோகன் பகானை வென்று டுராண்டு கோப்பையைப் பெற்றது அந்தக் கழகம். 1888இல் தொடங்கிய அக்கோப்பை கேரளக் கழகம் ஒன்றின் கைக்கு வந்தது அதுவே முதன்முறை. தமிழ் வாசகர்கள் குறித்துக்கொள்ள ஒரு செய்தி: அந்த அணியில் இரண்டு விஜயன்கள் இருந்தார்கள். மற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்கள வீரர் இராமன் விஜயன். 1997–98 தேசிய லீகில் 10 கோல்களுடன் முதலிடம் பெற்றவர் அவரே. தமிழில் எழுதப்படும் விளையாட்டுக் கட்டுரைகளில் அவரது பெயர் அரிதாகவே தென்படுகிறது. ஐந்தே ஆண்டுகளில் கழகம் பணமின்றி மறைந்தது. தொழில்முறைக் கழகம் என்ற சொல் மட்டும் வந்துவிட்டது. ஒளிபரப்பு வருவாயும் நுழைவுச்சீட்டு வருவாயும் பங்கிடப்படும் முறை வரவில்லை.

இந்திய அணிக்காக அவர் ஆடிய காலம் 1992 முதல் 2003 வரை. 1996 பிப்ரவரியில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 94ஆம் இடத்தை எட்டியது அந்தக் காலத்தில்தான். 1997 தெற்காசியக் கோப்பையில் 6 கோல்கள் அடித்தார். இறுதியாட்டத்தில் மாலத்தீவை இந்தியா 5–1 என வென்றது. 1999இல் காட்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆம் வினாடியில் அவர் அடித்த கோல் பலமுறை பேசப்பட்டது. ஆயினும் 1984க்கும் 2011க்கும் இடையில் இந்தியா ஒரு முறைகூட ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. ஒரு தலைமுறையின் ஆகச் சிறந்த முன்கள வீரர், தம் கண்டத்தின் முதன்மைப் போட்டியில் ஒரு நிமிடமும் ஆடாமலே விடைபெற்றார். அந்த விடைபெறல் 2003இல் ஹைதராபாதில் ஆப்பிரிக்க–ஆசிய விளையாட்டில் நிகழ்ந்தது. 34 வயதில் 4 கோல்களுடன் அப்போட்டியின் முதல் கோலடிப்பாளராக இருந்தார். இறுதியாட்டத்தில் இந்தியா உஸ்பெகிஸ்தானிடம் 0–1 எனத் தோற்றது.

இவ்வளவுக்கும் பிறகு, அவர் நாட்டுக்காக எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்று கேட்டால் ஒரு மூலம் 66 என்கிறது, மற்றொன்று 79 என்கிறது. கோல்களின் எண்ணிக்கையும் 29 முதல் 40 வரை மூலத்துக்கு மூலம் வேறுபடுகிறது. எந்த ஆட்டத்தை முழுத் தகுதியுள்ள பன்னாட்டு ஆட்டமாகக் கொள்வது என்பதில் வரும் வேறுபாடு இதில் ஒரு பகுதி. ஆவணம் பேணாமை மறுபகுதி. சோழர் காலத்து நிலக்கொடை ஒன்றின் எல்லையை மா, காணி வரை சொல்லிவிடுகிற நாம், தொலைக்காட்சி இருந்த காலத்தில் ஆடிய ஒருவரின் கோல் கணக்கில் பத்துக்கும் மேல் இடைவெளி விட்டிருக்கிறோம். 2024இல் சுனில் சேத்ரி 94 கோல்களுடன் ஓய்வை அறிவித்தபோது அந்த எண்ணில் எவருக்கும் ஐயம் எழவில்லை என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். சேத்ரியின் ஒவ்வொரு கோலையும் கணினித் திரையில் மீளக் காணலாம். விஜயனின் மிகப் பல கோல்களுக்கு, நேரில் கண்டவர்களின் வாய்மொழியும் அந்நாளைய நாளேடுகளும்தான் சான்று. திருச்சூர், கண்ணூர், கல்கத்தா, லூதியானா ஆகிய ஊர்களின் நாளேட்டுத் தொகுப்புகளை நான்கு மொழிகளில் அமர்ந்து படிக்க வேண்டிய முனைவர் பட்ட ஆய்வு ஒன்று இதில் காத்திருக்கிறது. கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைத் தொடங்குவது நல்லது.

ஏனெனில் எல்லோரும் இல்லை. காவல்துறை அணியில் விஜயனுடன் ஆடியவரும் இந்திய அணியின் தலைவராக இருந்தவருமான சத்யன், பின்னாளில் சென்னையில் இந்தியன் வங்கி அணிக்கு வந்தார். காயங்கள் அவரது ஆட்டத்தை முன்னரே தின்றிருந்தன. 2006 ஜூலையில், 41 வயதில், சென்னையிலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விஜயனின் கடைசிக் கழகப் பருவம் முடிந்ததும் அதே ஆண்டில்தான்.

பந்து நின்ற பிறகு விஜயனுக்கு வேறு வழிகளும் திறந்தன. ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்' என்னும் மலையாளப் படத்தில் அவர் முன்பே நடித்திருந்தார். நாட்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படம் அது. 'திமிரு', 'பிகில்' ஆகியவற்றின் வழியாகத் தமிழ்நாட்டில் அவரது முகம் பழக்கமானது. இங்குள்ள மாணவர்களிடம் அவர் யார் என்று கேட்டால், வில்லன் நடிகர் என்று பதில் வருவதும் உண்டு. ஆனால் அவரை நிலையாகத் தாங்கியது திரைப்படம் அன்று. 1991இல் விட்டுச் சென்று, மறுபடி சேர்ந்து, மறுபடியும் விட்டுச் சென்ற அதே காவல்துறைதான் பின்னாளில் அவரை மீண்டும் பணியில் ஏற்றது. 2003இல் அர்ஜுனா விருதும் 2025இல் பத்மஸ்ரீயும் வந்தன. பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட சில மாதங்களில், 2025 ஏப்ரல் இறுதியில், மலப்புறத்தில் மலபார் சிறப்புக் காவல்படையிலிருந்து அவர் பணி ஓய்வு பெற்றார். ஓய்வை ஒட்டித் துணை கமாண்டன்டாகப் பதவி உயர்வும் அளிக்கப்பட்டது. அவரை ஒரு காலத்தில் பெருந்தொகை கொடுத்து அழைத்துச் சென்ற கொச்சின் கழகமும் பக்வாராவின் ஆலை அணியும் அன்றைக்கு இல்லை.