பின் இருக்கைக்கு ஒரு ரெக்ஸின்

ரெக்ஸின் என்பது முதலில் ஒரு வணிகப் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்னும் ஊரில், துணியின்மீது நைட்ரோசெல்லுலோஸ் பூசி, தோலின் வரிகளை அதில் அழுத்திப் பதித்து அந்தப் பெயரில் விற்றார்கள். பூச்சு பின்னாளில் பி.வி.சி.யாக மாறிவிட்டபோதும் நம் ஊரில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று கடையில் ரெக்ஸின் என்று நாம் கேட்டு வாங்குவது வினைல் பூசிய துணி. வகுப்பில் ஆகுபெயருக்கு இதையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லி வருகிறேன். நன்னூலில் தோய்ந்த நண்பர்கள் இதற்காகச் சண்டைக்கு வரக்கூடும்.

அப்பாவிடம் 1984ஆம் ஆண்டின் அம்பாசடர் மார்க் 4 ஒன்று இருக்கிறது. உத்தரபாரா ஆலையில் 2014இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது, இது நிற்கவில்லை. ராஜபாளையத்தில் பருத்தித் தரகு செய்த காலத்தில், பஞ்சு மாதிரிப் பொட்டலங்களோடு அவர் ஊர் ஊராகச் சுற்றிய வண்டி. எஞ்சினுக்கு ஒன்றும் குறைவில்லை. இருக்கைகள்தாம் வெடித்து, உள்ளிருந்த தேங்காய் நார் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருக்கும் அண்ணன், “செய்றதுதான் செய்றோம், நல்ல தோல்லயே போட்டுடலாம், பணம் நான் தர்றேன்” என்றார்.

நான் மறுத்தேன். அந்த வண்டி ஆலையிலிருந்து வந்ததே ரெக்ஸின் இருக்கைகளோடுதான். ஆகவே, அம்பாசடரில் தோல் என்பது ஓர் இடைச்செருகல். அங்கே போலித் தோலே மூலபாடம். அண்ணனிடம் இந்த வாதத்தைத்தான் வைத்தேன். காரணம் வேறு.

அப்பாவுக்கு இப்போது வயது 82. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிறுநீரை அடக்கிவைக்க முடிவதில்லை. வாடகைக் கார் ஒன்றின் துணி இருக்கை ஒருநாள் நனைந்துபோயிற்று. ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அப்பாவை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன். நூலகம் போவது நின்றது. பிறகு நண்பர் வீடு. பிறகு கண் பரிசோதனையும் தள்ளிப்போயிற்று. கேட்டால், “நம்ம வண்டி சீட்டு சரியாகட்டும்மா, அப்புறம் போலாம்” என்பார். (இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுதேன், ஊர்ல எனக்கு மட்டுமா வருது” என்றார்.)

மதுரையில் குஷன் வேலை செய்யும் பாய் ஒருவரிடம் போனேன். இருபது வகைத் துண்டுகளை மேசையில் பரப்பினார். நான் தடிமனானதை எடுத்ததும் சிரித்தார். “கனத்த பாக்காதீங்க டீச்சரம்மா, மடிச்சுப் பாருங்க.” ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்தினார். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. விலையைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூளை அதிகம் கலந்தால் இப்படி வெளுக்கும். அடுத்து, ஓரத்தில் பூச்சைத் துணியிலிருந்து உரித்துப் பார்க்கச் சொன்னார். எளிதில் உரிந்தவை எல்லாம் ஒதுக்கப்பட்டன. மிஞ்சியவை நான்கு.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதோடு எண்ணெய் போன்ற நெகிழ்விப்பான் ஒன்றைக் கலந்து மென்மையாக்கும் வழியை அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் 1926இல் கண்டார். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த நெகிழ்விப்பான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் படிவதில் அதற்கும் பங்குண்டு. அது போகப்போக வினைல் விறைத்து வெடிக்கிறது. பின் இருக்கையின் மேல்விளிம்பு, கண்ணாடிக்கு நேர் கீழே இருப்பதால், முதலில் சாகிறது. தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயும் சாய்மானத்தில் பட்டுப்பட்டு அதே வேலையைச் செய்யும். ஆகவே சோபாவுக்கான ரெக்ஸினைக் காரில் போடக்கூடாது. வெயிலைத் தாங்கும் சேர்மானங்களும் எளிதில் ஆவியாகாத நெகிழ்விப்பானும் கொண்ட, வண்டிக்கென்றே செய்த சரக்குதான் வேண்டும். ‘லெதரைட்’ என்று பளபளப்பாக விற்கப்படும் மலிவான பாலியூரித்தேன் வகை தொட்டால் இதமாக இருக்கும். ஈரக்காற்றில் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். முதுகுத்துணி பின்னலாடையைப் போல் இழுபடுவதாக இருக்க வேண்டும். அம்பாசடர் இருக்கையின் வளைவுகளில் நெசவுத்துணி சுருக்கம் விழும்.

இவையெல்லாம் எளிதில் முடிந்தன. சிக்கல் தையலில் வந்தது. எங்கள் வண்டியின் இருக்கையில் வரிவரியாகப் புடைத்த மடிப்புகள் இருந்தன. அம்பாசடரின் அழகே அதுதான். ஆனால் வினைல் நீரைத் தடுக்கும், ஊசித்துளை தடுக்காது. ஒவ்வொரு வரியும் நூற்றுக்கணக்கான துளைகள். மேலே துடைத்துவிடலாம், உள்ளே இறங்கியது நாற்றமாகத் திரும்பி வரும். பாயிடம் விஷயத்தைச் சொல்லத் தயங்கினேன். இரண்டாம் முறை போனபோது சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “எங்க அத்தாவுக்கும் அப்படித்தான்” என்றார், அளவெடுப்பதை நிறுத்தாமல்.

முன் இருக்கையிலும் பின் சாய்மானத்திலும் வரிகள் அப்படியே இருக்கட்டும், பின்னால் உட்காரும் பகுதி மட்டும் தையலே இல்லாத ஒற்றைப் பரப்பாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பாடபேதந்தான், அனுமதித்தேன். பழைய சுருள்வில்களின்மேல் சாக்குத்துணி, நாருக்குப் பதில் ஃபோம், அதை முழுக்கச் சுற்றித் தடித்த பாலித்தீன் தாள், மேலே ரெக்ஸின். தையல்கள் எல்லாம் விளிம்பின் செங்குத்துப் பக்கத்துக்கு இறங்கிவிட்டன. நூல் பாலியஸ்டர், பருத்தி நூல் இற்றுப்போகும். தையலை மிக நெருக்கமாகப் போட்டால் தபால்தலை போலத் துளைவரிசையோடு கிழிந்துவிடும் என்பதால் சற்று நீளத் தையல். மொத்தம் 9 மீட்டர் ஆயிற்று. வெளிர்சாம்பல் வெயிலில் அவ்வளவு சுடாது என்றேன். அப்பா பழைய கருஞ்சிவப்புதான் வேண்டும் என்றார். கருஞ்சிவப்பே வந்தது.

வண்டி வந்த வாரம் கண் மருத்துவமனைக்குப் போனோம். திரும்பும் வழியில் அப்பா பேசவேயில்லை. வீட்டு வாசலில் இறங்கியவர், சோப்புத் தண்ணீரும் பழைய வேட்டித்துண்டும் கேட்டார். ஸ்பிரிட், தின்னர் எதுவும் தொடக்கூடாது என்று பாய் சொன்னதை நான் முன்பே சொல்லியிருந்தேன். வாளியை வண்டியருகே வைத்துவிட்டு நின்றேன். “நீ உள்ள போம்மா” என்று கதவைத் திறந்து குனிந்தார்.