குளிர்ப் பாடம்

நமது தமிழ் நாட்டாருக்குக் குளிர் என்றால் மார்கழி மாதத்துக் குளிர்தான். விடியற்காலையில் தேங்காயெண்ணெய் சீசாவில் உறைந்திருப்பதைக் கண்டதும், "அப்பப்பா, என்ன குளிர்!" என்று தலையில் மப்ளரைச் சுற்றிக் கொள்கிறோம். உண்மையில், உஷ்ணம் 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கிவிடும். அண்டார்க்டிகாவிலுள்ள வோஸ்டாக் நிலையத்திலோ, 1983-ம் வருஷம் ஜூலை 21-ந் தேதி, பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரி என்று அளந்து குறித்திருக்கிறார்கள். இந்த எண்ணைக் குழந்தைகள் நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிறார்கள். பரீக்ஷையில் மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால், மின்சார விசிறிக்கு அடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு படிக்கும் குழந்தைக்கு அந்த எண் எவ்விதம் விளங்கும்?

இதை விளக்கியே தீர வேண்டிய அவசியம் என் வீட்டில் ஒரு சமயம் ஏற்பட்டது. ராணுவத்தில் இருக்கும் என் தம்பியைச் சியாச்சின் பனியாற்றுக் காவலுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் மனைவியும் பத்து வயதுப் பிள்ளையும் எங்களுடன் இருந்தார்கள். 1984 முதல் நமது துருப்புகள் காவல் புரியும் அந்த இடத்தில், குளிர்காலத்தில் உஷ்ணம் மைனஸ் 50 டிகிரி வரையில் இறங்குவதுண்டு. அங்கே குண்டுபட்டு மாண்டவர்களை விடப் பனியாலும் குளிராலும் மாண்டவர்களே அதிகம். 2016 பிப்ரவரியில் பனிச்சரிவில் புதையுண்ட மதராஸ் ரெஜிமெண்ட் வீரர் பதின்மருள் தமிழ் நாட்டவரும் இருந்தனர். இதையெல்லாம் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால், பையன் பத்திரிகை படிக்கிறவன். ஒரு நாள் என்னிடம் வந்து, "பெரியப்பா, மைனஸ் ஐம்பது என்றால் எவ்வளவு குளிர்? அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதுமா?" என்று கேட்டான்.

"போடா, அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால், தெரியாத விஷயத்தைப் பற்றிய பயத்தைவிடத் தெரிந்த விஷயத்தைப் பற்றிய பயம் சிறியது என்பது என் அபிப்பிராயம். ஆகவே, அன்று மாலையே ஐஸ் வாங்கிவரச் செய்தேன்.

ஐஸை நன்றாக நொறுக்கி, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு வீதம் ஒரு பித்தளைச் செம்பில் போட்டுக் கரண்டியால் கிளறினோம். செம்பை ஈரமான மணைப் பலகைமேல் வைத்தோம். சிறிது நேரத்தில் செம்பின் வெளிப்புறம் வெண்பனி பூத்தது. செம்பைத் தூக்கினால் பலகையும் கூடவே வந்தது! அடியிலிருந்த நீர் உறைந்து இரண்டையும் ஒட்டிவிட்டது. என் பெண்ணும் பையனும் கைகொட்டிக் குதித்தார்கள். உள்ளே விட்ட உஷ்ணமானி மைனஸ் 15 காட்டியது. (இந்தக் கலவையைக் குழந்தைகள் வெறுங்கையால் தொடக்கூடாது. தொட்டால் தோல் புண்ணாகிவிடும்.)

"உப்பு எப்படிப் பெரியப்பா குளிரும்?" என்றான் பையன். உப்பு குளிர்வதில்லை; அது ஐஸை உருக வைக்கிறது. உருகுவதற்கு உஷ்ணம் வேண்டும். அந்த உஷ்ணத்தை ஐஸ் தன்னிடமிருந்தும் செம்பிலிருந்தும் எடுத்துக் கொள்கிறது. குளிர் என்று தனியாக ஒரு வஸ்து கிடையாது. உஷ்ணம் நம்மை விட்டுப் போவதே குளிர். இதைச் சொல்லிவிட்டு அவனைச் சுவரோரம் நிறுத்தினேன். அவன் உயரம் 54 அங்குலம். தலை மட்டத்தில் கோடு கிழித்து, "இதுதான் இன்றைய 30 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஓர் அங்குலம் கீழே போ" என்றேன். ஐஸ் உறையும் பூஜ்யம் 24 அங்குலத்தில் நின்றது. எங்கள் செம்பு 9 அங்குலத்தில் நின்றது. எவ்வளவு சாமர்த்தியமாகக் கலந்தாலும் இந்தக் கலவை மைனஸ் 21-க்குக் கீழே இறங்காது. அதாவது தரைக்கு மேல் மூன்று அங்குலம். பையன் சாக்குக் கட்டியுடன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "தரையே வந்துவிட்டதே! அப்பா எங்கே?" என்றான். அவன் அப்பா இருக்கும் இடம் தரைக்குக் கீழே இன்னும் இரண்டடி இரண்டு அங்குலம். அவன் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அவ்வளவோடு நிறுத்தினால் பயந்தான் மிஞ்சும். ஆகையால், மறு நாள் நான்கு தம்ளர்களில் வெந்நீர் வைத்தோம். ஒன்று வெறுமனே, ஒன்று பல மடிப்பாகச் சுற்றிய உலர்ந்த துணிக்குள், மூன்றாவது ஈரத் துணிக்குள், நான்காவது வெறும் தம்ளர், விசிறிக்கு நேரே. அரைமணி கழித்துப் பார்த்தால், உலர்ந்த துணி சுற்றியதுதான் அதிகச் சூடாக இருந்தது. விசிறிக்கு முன் இருந்தது, வெறுமனே வைத்ததை விட ஆறிப் போயிருந்தது. ஈரத் துணிக்குள் இருந்ததும் வெகுவாக ஆறிவிட்டது. துணி உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. மடிப்புகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து, இருக்கும் உஷ்ணம் ஓடிவிடாமல் காக்கிறது. காற்று வீசினால் உடம்பை ஒட்டிய வெதுவெதுப்பான காற்றை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஈரமோ, உலரும்போது உஷ்ணத்தையும் கொண்டு போகிறது. இதனால்தான் பனிப் பிரதேசத்தில் ஒரே கனத்த சட்டைக்குப் பதில் பல சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிகிறார்கள். வியர்வையில் நனையாமலும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள்.

பையன் அன்றிரவு தன் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினான். "வியர்க்கும்படி வேகமாக நடக்காதீர்கள். காலுறை ஈரமானால் உடனே மாற்றுங்கள். காற்றுக்கு முகத்தைக் காட்டாதீர்கள்" என்று மூன்று கட்டளைகள். என் தம்பியின் மேலதிகாரிகளும் இவற்றையே சொல்லியிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், "அப்பாவுக்கு என்ன ஆகுமோ" என்று கலங்கிய பிள்ளை, அப்பாவுக்கு யோசனை சொல்லும் பிள்ளையாகிவிட்டான்.

நேயர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் வரும் விடுமுறையில் இந்தப் பாடத்தை நடத்திப் பார்க்கலாம். நாலு கட்டி ஐஸும் ஒரு கிண்ணம் உப்பும்தான் செலவு. சுவரில் கிழித்த கோட்டை மட்டும் உடனே அழித்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில், தம்பி லீவில் ஊர் வந்து சேரும் வரையில் அது அப்படியே இருந்தது.