பெற்றோரை எடுப்பது

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்பது கடலின் இரைச்சலாலும் கரையோரப் புகைவண்டியின் ஓசையாலும் மட்டும் அறியப்படுவதன்று. தொடர்மாடி வீடுகளின் யன்னல்கள் வழியே வந்து விழும் தொலைபேசிப் பேச்சாலும் அறியப்படுவது. ரொறன்ரோவில் அப்பொழுது சனிக்கிழமை இரவு. பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டு மகனோ மகளோ அழைக்கும் நேரம். "சாப்பிட்டீர்களா? குளிசை போட்டீர்களா?" என்ற இரண்டு கேள்விகளுக்குள் அன்பு முழுவதையும் அடைத்து அனுப்பும் நேரமும் அதுவே.

சென்ற ஆண்டில் அத்தகைய ஒரு காலையில் எம் தம்பி அழைத்தான். பதினெட்டு ஆண்டுகளாக ஸ்காபரோவில் வாழ்பவன். "அண்ணா, அப்பாவையும் அம்மாவையும் இங்கே எடுக்கப் போகிறேன்" என்றான்.

எடுத்தல் என்னும் வினைக்கு நம் சமூகம் தந்துள்ள இப்புதுப் பொருளை எந்த அகராதிக்காரரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். மகன் தாயை எடுப்பான். கணவன் மனைவியை எடுப்பான். தமக்கை தம்பியை எடுப்பாள். தபாற் கந்தோரில் பொதி எடுப்பதுபோல் அத்துணை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எழுபத்தேழு வயதுத் தந்தையையும் எழுபத்திரண்டு வயதுத் தாயையும் எடுப்பது எத்துணை நுட்பமான காரியம் என்பதை நாம் அதன்பின்னரே கற்றோம். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர் என்பதால், சட்டதிட்டங்களைத் தேடிப் படித்துச் சொல்லும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது.

கனடாவுக்குள் பெற்றோர் நுழைய இரண்டு வாயில்கள் உண்டு எனக் கண்டோம். முதலாவது நிரந்தர வதிவுக்கான வாயில். மகன் தன் வருமானத்தை மூன்றாண்டுகளுக்குக் காட்டவேண்டும். பெற்றோரின் செலவை இருபது ஆண்டுகளுக்கு ஏற்பதாக அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். அவ்வாறு சென்றவர்களுக்கு மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி கிடைக்கும். ஆயினும் அவ்வாயில் எப்பொழுதும் திறந்திருப்பதன்று. 2011 நவம்பரில் அதனை மூடினார்கள், 2014இல் திறந்தார்கள், 2017இல் குலுக்கல் முறையைப் புகுத்தினார்கள். 2021 முதல் 2025 வரை அழைக்கப்பட்டோர் யாவரும் 2020ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் பெயர் கொடுத்தவர்களே. எம் தம்பி அவ்வாண்டு பெயர் கொடுக்கவில்லை. அப்பொழுது அவனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்த நேரம்; எம் தந்தையாரும் நாள்தோறும் கடற்கரையில் மூன்று மைல் நடந்துகொண்டிருந்தார். முதுமையைப்பற்றி யார் நினைத்தார்கள்?

இரண்டாவது வாயிலுக்கு 'சூப்பர் விசா' என்று பெயர். 2011 டிசம்பரில் ஏற்பட்டது. பத்து ஆண்டுகள்வரை செல்லுபடியாகும், பலமுறை போய்வரலாம். 2022 ஜூலை முதல் ஒருமுறை நுழைந்தால் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம். அதற்கு முன்னர் இரண்டாண்டுகளே. மகனின் வருமானம் குடும்பத் தொகைக்கேற்ற எல்லையை எட்டவேண்டும். அழைப்புக் கடிதம் வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். இவ்விசாவில் செல்வோர் சட்டத்தின் கண்ணில் விருந்தினரே. ஆகையால் மாகாண மருத்துவக் காப்புறுதி அவர்களுக்கு இல்லை. அதற்கு ஈடாக, ஓராண்டுக்குக் குறையாத, ஒரு இலட்சம் கனேடிய டொலருக்குக் குறையாத தனியார் மருத்துவக் காப்புறுதியை வாங்கிக் காட்டவேண்டும். முன்னர் கனேடிய நிறுவனங்களிடமே வாங்கவேண்டியிருந்தது. 2025 ஜனவரி 28 முதல் கனடா அங்கீகரித்த வெளிநாட்டு நிறுவனங்களிடமும் வாங்கலாம்.

மற்ற நாடுகளையும் பார்த்தோம். எம் தங்கை மெல்பேணில் இருக்கிறாள். அவுஸ்திரேலியாவில் பிள்ளைகளின் தொகையை எண்ணிப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. பிள்ளைகளில் பாதிப்பேராவது அங்கே வாழவேண்டும், அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் வாழ்வோரைவிட அங்கே வாழ்வோர் மிகுதியாயிருக்கவேண்டும். எம் பெற்றோருக்கு மூன்று பிள்ளைகள். மூவர் மூன்று நாட்டில். கணக்கு அங்கேயே முடிந்தது. முடியாதிருந்தாலும், பெருந்தொகை கட்டாத வகையில் விண்ணப்பிப்போர் முப்பது ஆண்டுகளுக்குமேல் காத்திருக்கவேண்டும். கட்டும் வகைக்கு ஒருவருக்கு நாற்பதாயிரம் டொலருக்கு மேலாகும். பிரித்தானியாவோ 2012 ஜூலை 9 முதல் வேறொரு விதி வைத்திருக்கிறது. பெற்றோருக்கு அன்றாடம் பிறர் உதவி வேண்டும் என்றும், அவ்வுதவி சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் நிறுவினாலன்றி அவர்களை அழைத்து வைத்துக்கொள்ள இயலாது. நடமாடும் பெற்றோருக்கு அங்கே இடமில்லை என்பதே அதன் பொருள்.

ஆகவே சூப்பர் விசா ஒன்றே எஞ்சியது. அதன் உயிர்நாடி காப்புறுதி. அங்கேதான் எமக்குச் சோதனை வந்தது.

அவ்வாண்டு ஆவணி மாதத்தில் எம் தந்தையார் காலி வீதியில் நடந்துவரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கடை வாசலில் அமர்ந்துவிட்டார். இரண்டு இரவுகள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பெரும் ஆபத்து இல்லை என்று சொல்லி, இரத்த அழுத்தத்துக்கான குளிசையை மாற்றிக்கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் நாம் அதனை மறந்துவிட்டோம். காப்புறுதிப் படிவம் மறக்கவில்லை. அண்மைக்காலத்தில் மருத்துவமனையில் தங்கியதுண்டா, மருந்தோ மருந்தின் அளவோ மாற்றப்பட்டதுண்டா என்று அது கேட்டது.

தம்பி தொலைபேசியில் படிவத்தை வாசித்துவிட்டுச் சற்றே நிறுத்தினான். "அண்ணா, இரண்டு இரவுதானே? 'இல்லை' என்று போட்டுவிடுவோமா?"

நாம் மறுக்கவில்லை. வகுப்பறையில் மாணவர்க்கு வாய்மையைப்பற்றி எத்தனையோ முறை பேசிய நாம், அந்தக் கணத்தில் மறுக்கவில்லை என்பதை வெட்கத்துடன் இங்கே எழுதுகிறோம். உண்மையை எழுதினால் கட்டணம் உயரும், சிலவேளை மறுத்தும்விடுவார்கள். அம்மாவோ ஸ்காபரோப் பேரனுக்கென்று பனங்கட்டியும் ஒடியல் மாவும் சேர்த்துவைக்கத் தொடங்கியிருந்தார். அந்தப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு எவ்வாறு 'ஆம்' என்று எழுதச் சொல்வது?

எனினும் அன்றிரவு காப்புறுதி ஒப்பந்தமொன்றின் சிற்றெழுத்துகளை இறுதிவரை படித்தோம். ஏற்கெனவே உள்ள நோய், குறித்த காலம் மாற்றமின்றி நிலையாக இருந்தால் மட்டுமே காப்பில் அடங்கும். அக்காலம் சில ஒப்பந்தங்களில் 90 நாள். சிலவற்றில் 180 நாள். நிலை என்பதற்கு அவர்கள் தரும் பொருள் நாம் நினைப்பதன்று. நோய் குறைந்து மருந்தின் அளவைக் குறைத்தாலும் பல ஒப்பந்தங்களில் அது மாற்றமே. அதனினும் முக்கியமானது, உண்மையை மறைத்துப் பெற்ற காப்புறுதியை, நோய் வந்த பின்னரும் நிறுவனம் செல்லாததாக்கலாம். அவ்வாறாயின் ஒரு இலட்சம் டொலர் என்பது காகிதத்தில் எழுதிய எண் மட்டுமே. மருத்துவமனைக் கணக்கு முழுவதும் தம்பியின் தலையில் விழும். ஒரு கனேடிய டொலர் இருநூறு ரூபாய்க்குமேல் விற்கும் காலம் இது. எம் தந்தையாரின் ஓய்வூதியம் அங்கே எத்தனை நாளைக்குக் காணும்?

மறுநாள் காலை இதனை எவ்வாறு எடுத்துரைப்பது என்று தயங்கியபோது, சாய்மனைக் கதிரையில் இருந்தவாறே எம் தந்தையார் சொன்னார்:

"தம்பி, நேற்று நீங்கள் இருவரும் பேசியது கேட்டது. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கந்தோரில் மற்றவர்களுடைய படிவங்களைச் சரிபார்த்தவன் நான். என்னுடைய படிவத்தில் பொய் எழுதவேண்டாம்."

பிறகு சற்று நேரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்துமூன்றிலே கொட்டாஞ்சேனையில் எங்களைக் கேட்டா எழுப்பினார்கள்? உனக்கு மூன்று வயது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனேன். தொண்ணூற்றைந்திலே யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோதும் யாரும் கேட்கவில்லை. இந்த முறைதான் என்னை ஒருவர் கேட்கிறார். கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல எனக்கும் கொஞ்ச நாள் வேண்டும்."

நாம் அதற்கு மறுமொழி கூறவில்லை. உண்மையில் எவரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. தம்பி 'எடுக்கப் போகிறேன்' என்றான். நாம் விதிகளைப் படித்தோம். தங்கை பயணச்சீட்டின் விலை பார்த்தாள். போக விருப்பமா என்று அவ்விருவரையும் அமரவைத்துக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அம்மாவைத் தனியே கேட்டோம். "பேரப்பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் ராசா. ஆனால் அங்கே எனக்கு ஒரு வருத்தம் வந்தால் தம்பிக்கு எவ்வளவு செலவு?" என்றார். விசாவைப்பற்றி அவருக்குப் பயமில்லை, குளிரைப்பற்றியும் இல்லை. பிள்ளைக்குச் சுமையாவோமோ என்ற ஒன்றே பயம். இங்கே அரசாங்க மருத்துவமனையில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தாலும் கட்டணம் இல்லை. 2022இல் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோதுகூட, அயல்வீட்டார் தம்மிடம் இருந்த குளிசையில் ஓர் அட்டையைக் கொண்டுவந்து தந்தார்கள். அத்தகைய காப்புறுதியை எந்த நிறுவனம் விற்கிறது?

மருத்துவர் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். அதுவரை மருந்து மாறாதிருந்தால் 180 நாள் என்ற நிபந்தனையும் நிறைவேறும். அந்த ஆறு மாதத்தையே எம் தந்தையார் தமக்குரிய அவகாசமாக எடுத்துக்கொண்டார். நாள்தோறும் மாலையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனார். தம் வயதையொத்த நண்பர்களிடம் விசாரித்தார். போய்வந்த ஒருவர் அங்கே மகன் வீடு மாளிகை என்றார்; அதே மனிதர், பகல் முழுவதும் அம்மாளிகையில் பேச ஆளின்றிச் சுவரைப் பார்த்திருந்ததாகவும் சொன்னார். இரண்டும் உண்மையாகவே இருக்கவேண்டும்.

இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் அவர் தம் முடிவைச் சொன்னார். ஒரேயடியாகப் போவதில்லை. வைகாசியில் போய்க் கார்த்திகைக்கு முன் திரும்புவது. வெள்ளவத்தை வீட்டை விற்பதுமில்லை, வாடகைக்கு விடுவதுமில்லை. அம்மா விரும்பினால் மேலும் தங்கலாம். தமக்குத் திரும்பும் சீட்டு இப்பொழுதே வேண்டும். பலமுறை போய்வர இடந்தரும் விசா அது என்பதை எம்மைவிட அவரே நன்கு விளங்கிக்கொண்டார்.

படிவத்தில் 'ஆம்' என்றே எழுதினோம். கட்டணம் உயர்ந்ததுதான். முதற் செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டால் கட்டணம் குறையும் என அறிந்து, தம்பியால் தாங்கக்கூடிய அளவு பங்கை ஏற்றோம். ஓராண்டுக்குக் கட்டினாலும், இழப்பீடு எதுவும் கோராது முன்னதாகத் திரும்பினால் எஞ்சிய காலத்துக்குரிய பணத்தைப் பல நிறுவனங்கள் மீளத் தருகின்றன. அதனையும் எழுத்தில் கேட்டு வாங்கினோம். ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் காட்டவேண்டிய உயிர்வாழ்ச் சான்றிதழையும் போகுமுன் கவனித்துக்கொண்டோம்.

இதே எண்ணத்தில் இருக்கும் குடும்பத்தார்க்கு எம் அனுபவத்திலிருந்து இரண்டொன்று சொல்லலாம். விசாவின் விதிகள் ஆண்டுக்காண்டு மாறுபவை. தரகர் சொல்வதைவிட அந்நாட்டு அரசாங்கத்தின் அறிவித்தலையே நம்புக. காப்புறுதிப் படிவத்தை நிரப்பும்போது மருத்துவரின் சீட்டுகளை அருகில் வைத்துக்கொள்க; நினைவிலிருந்து நிரப்பற்க. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பெற்றோர் இருவரையும் தனித்தனியே அமரவைத்துக் கேட்க. கணவனின் விடையும் மனைவியின் விடையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தம்பி அழைத்தபோது எம் தந்தையாரே தொலைபேசியை வாங்கினார். விசா கிடைத்த செய்தியைப் பேசுவார் என்று நினைத்தோம்.

"தம்பி, உங்கள் வீட்டுக்குக் கிட்டக் கடல் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"கடல் இல்லை அப்பா. ஏரி இருக்கிறது. பெரிய ஏரி, அக்கரை தெரியாது."

"அலை அடிக்குமா?"

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பதினெட்டு ஆண்டுகளாக அங்கிருந்தும் அவன் அதனைக் கவனித்ததில்லை போலும்.

"நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அப்பா" என்றான்.