பாசியின் கணக்கு

மூடிய நீரில் எதுவும் எளிதில் தொலைவதில்லை. வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி வளர்ப்பவர்களுக்கு இது நாளடைவில் விளங்கிவிடுகிறது. மீனுக்கு இடும் தீனி கழிவாகிறது. கழிவில் பிறக்கும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அங்கேயே தேங்குகின்றன. பவளங்கள் வாழப் பழகிய கடல்நீரோ சத்துக்களில் மிக வறியது. மீனுக்கு அன்போடு இடும் ஒவ்வொரு சிட்டிகையும் பவளத்தின் பேரில் ஏறும் கடன்.

அக்கடனை அடைக்க நான் நம்பியிருப்பது பாசியை. தொட்டிக்குக் கீழே, மீன்களின் வாய்க்கு எட்டாத சிற்றறையில் கீட்டோமார்ஃபா வளர்கிறது. சிக்குண்ட பச்சை நைலான் நரம்புப் பந்துபோலிருக்கும். மேலே விளக்கணைந்ததும் கீழே விளக்கெரியும். இருளில் ஒளிச்சேர்க்கை நின்று, நீரில் கரியமில வாயு மிகுந்து பிஹெச் இறங்கும் வேளையில், கீழே விழித்திருக்கும் பாசி அவ்வாயுவை உண்டு சரிவைத் தாங்குகிறது.

இதற்கு முன்னோடிகள் உண்டு. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, 1980-ல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்த பவளத்திட்டின் சிற்றுருவில், நீரைத் தூய்மையாக்கும் பொறுப்பைப் பாசியிடமே ஒப்படைத்தார். பாசியைச் சுரண்டி அகற்றுவதும் அம்முறையின் பகுதி. பாசி சத்தைச் சேமித்து வைக்கிறது, அவ்வளவே. வெளியேற்றுவது மனிதக் கை.

அறுவடை இல்லாத சேமிப்பு என்னவாகும் என்பதற்குக் கவுலர்பா சாட்சி. இறகுபோலவும் திராட்சைக்குலைபோலவும் அழகிய வடிவங்கள் கொண்ட இப்பாசியில், ஒரு செடி முழுதும் ஒரே செல். இனப்பெருக்கப் பொழுது வந்ததும் தன் உள்ளிருப்பையெல்லாம் பாலணுக்களாக நீரில் கொட்டிவிட்டு வெளிறிய கூடாகச் சரிந்துவிடும். மாதக்கணக்கில் உறிஞ்சியது ஒரே நாளில் நீருக்குத் திரும்பும்.

பிய்த்தெடுத்ததை எங்கே போடுகிறோம் என்பதும் சிறிய கேள்வியல்ல. 1984-ல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் காணப்பட்ட கவுலர்பா டாக்ஸிஃபோலியா, பிரான்ஸ், இத்தாலிக் கரைகளுக்குப் பரவியது. 2000-ல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் காயலில் தென்பட்டபோது, அங்கே தார்ப்பாய் போர்த்திக் குளோரின் செலுத்தி ஒழித்தார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று.

இரு வாரத்துக்கொருமுறை பந்தில் பாதியைப் பிய்த்தெடுக்கிறேன். பிழிந்தபின்னும் கையில் கனக்கும். மீன்கள் தின்றதில் ஒரு பங்கு அது. சாக்கடையில் விடாமல் மொட்டைமாடி வெயிலில் காய வைக்கிறேன். மறுநாள் ஒரு கைப்பிடிச் சருகுதான் மிஞ்சும். எஞ்சிய பாதி அன்றிரவே மீண்டும் வளரத் தொடங்கிவிடுகிறது.