கூட்டல் பிழை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

ஞாயிறு தோறும் எங்கே மாயமாகிவிடுகிறாய் என்று வகுப்பு நண்பர்கள் கேட்பதுண்டு. கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. கிரிக்கெட் எழுதப் போகிறேன் என்பதே சரி. சேலம் மாவட்ட லீக்கில், கடைசி டிவிஷனில் ஆடும் ஒரு சிறு கிளப்புக்கு நான் ஸ்கோரர்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஒரு சங்கம் உண்டு. அது நடத்தும் லீக் பல டிவிஷன்களாகப் பிரிந்திருக்கும். முன்னணியில் நின்றவர் மறு ஆண்டு ஒரு படி ஏறுவர். அடியில் நின்றவர் ஒரு படி இறங்குவர். தொலைக்காட்சியில் நாம் காணும் கிரிக்கெட்டின் பந்தும் எங்கள் பந்தும் ஒரே எடைதான், 156 முதல் 163 கிராம் வரை. பிட்ச்சின் 22 கெஜமும் அதே 22 கெஜம்தான். ஒற்றுமை அத்தோடு சரி. காலை ஏழு மணிக்குத் தேங்காய் நார்ப் பாயை நான்கு பேர் தோளில் சுமந்து வந்து, விரித்து, இழுத்துப் பிடித்து, ஆணி அடித்தால்தான் எங்களுக்குப் பிட்ச் என்று ஒன்று பிறக்கும். கிளப்புக்கு இருப்பது இரண்டே ஹெல்மெட். அவுட் ஆகி வருபவர் தலையிலிருந்து அடுத்தவர் தலைக்கு வியர்வை காயாமலே அது இடம் மாறும்.

எங்கள் கேப்டன் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். மளிகைக் கடையில் நிற்பவர், மினி பஸ்ஸில் கண்டக்டர், லேத் பட்டறைக்காரர் என்று மற்றவர்களும் அப்படியே. ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாளும் வெயிலில் நிற்க இவர்களுக்கு என்ன தலையெழுத்து என்று கேட்கத் தோன்றும். எங்கள் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் ஊர்ப் பக்கம் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் நுழைந்து மேலேறி, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டியும் ஆடிவிட்டார். அது முதல் எங்கள் பக்கத்தில் இடக்கையால் வேகமாகப் பந்து வீசும் ஒவ்வொருவனும் தன்னைப் பற்றி ஒரு மாதிரியாகத்தான் நினைத்துக்கொள்கிறான். எங்கள் கிளப்பில் மட்டும் அப்படி மூவர் உளர்.

நானும் ஆடத்தான் சேர்ந்தேன். பழைய ஸ்கோரர் வேலை கிடைத்துத் திருப்பூர் போய்விட, "கணக்குப் படிக்கிற தம்பிதானே, கூட்டத் தெரியாதா?" என்று கேப்டன் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். அணிக்கு ஒருவராக இரண்டு ஸ்கோரர்கள் அருகருகே உட்கார வேண்டும். அம்பயர் சைகை காட்டினால் கையை உயர்த்தி ஒப்புக்கொள்ள வேண்டும். ரன் வர வர, வரிசையாக அச்சிட்ட எண்களை அடித்துக்கொண்டே போக வேண்டும். ஆட்ட முடிவில் மட்டையாளர்களின் ரன்னும் உதிரி ரன்னும் சேர்ந்து, அடித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

சென்ற பருவத்தின் கடைசி ஆட்டம் அது. வென்றால் மேல் டிவிஷன். முப்பது ஓவரில் நாங்கள் 142. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த எதிரணிக்குக் கடைசி விக்கெட் நிற்கையில் போர்டில் 140. வெற்றிக்கு இன்னும் மூன்று. அடித்தார்கள், ஒன்று ஓடினார்கள், இரண்டாவதற்குத் திரும்பியவன் ரன் அவுட். ஒரு ரன்னில் வெற்றி! கேப்டனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

நான் கூட்டினேன். 142 வந்தது. மறுபடி கூட்டினேன். 142தான். பதினேழாவது ஓவரில் ஒரு லெக் பை. டீ வந்த நேரம். அம்பயருக்குக் கை உயர்த்தியிருக்கிறேன், உதிரியில் எழுதியுமிருக்கிறேன்; வரிசை எண்ணை அடிக்க மட்டும் மறந்திருக்கிறேன். ஆட்டம் உண்மையில் சமன்.

பக்கத்தில் எதிரணி ஸ்கோரர், பத்தாம் வகுப்புப் பையன். "அண்ணா, மொத்தம் எவ்வளவு போட்டீங்க?" என்று ஆட்டம் முழுதும் என்னைக் கேட்டே எழுதியவன். அவன் நோட்டிலும் 141தான். அம்பயர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பேனாவோடு வந்துகொண்டிருந்தார். ஸ்கோர் சரியென்று அம்பயரும் ஸ்கோரரும் ஒப்புக்கொண்டுவிட்டால் அதன்பின் முடிவை மாற்ற முடியாது என்பது விதி.

உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

என் தந்தை விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவர். சனிக்கிழமை கணக்குப்பிள்ளை நோட்டைப் பார்த்து, இவ்வளவு கூலி, முன்பணத்துக்கு இவ்வளவு பிடித்தம் என்று வாசிப்பார். அப்பா தலையசைத்துக் கைநாட்டு வைப்பார். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் கூடப் போய் எட்டிப் பார்த்தேன். ஒரே முன்பணத்தை இரண்டு இடத்தில் பிடித்திருந்தது. சொன்னதும், "கை தவறிடுச்சு" என்று அவர் திருத்தினார். தவறித்தான் இருக்கும். ஆனால் வீடு வரும் வரை அப்பா பேசவேயில்லை. அதற்கு முந்திய சனிக்கிழமைகளை எண்ணிக்கொண்டு வந்திருப்பார் போலும்.

பையனின் நோட்டை இழுத்து, அந்த லெக் பையை விரல் வைத்துக் காட்டினேன். பிறகு கேப்டனைக் கூப்பிட்டேன். "இன்னொரு தடவை கூட்டு தம்பி" என்றார். கூட்டினேன். சற்று நேரம் நோட்டையே பார்த்திருந்தவர், அதை வாங்கிக்கொண்டு தாமே அம்பயரிடம் நடந்தார்.

சமன் என்று அறிவித்தார்கள். புள்ளிகள் பங்காகிப் போக, மேல் டிவிஷன் கைநழுவியது. நம்மவர்கள் சிலர் என்னை ஏசினார்கள், அது எதிர்பார்த்ததே. ரன் அவுட் ஆனவன் வந்து சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: "போர்டு சரியா இருந்திருந்தா, சமன் ஆனதும் ஒத்த ரன்னோட நின்னிருப்பேனே. மிச்ச ஒண்ணு அடுத்த பந்துல எடுத்திருக்கலாம்." அதைத் திருத்த எந்த நோட்டிலும் இடமில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேப்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதி வழி வரை பேசவில்லை.

"லெக் பை எப்பத் தம்பி விட்டுப் போச்சு?"

"டீ வந்தப்போண்ணா."

"சரி. இனிமே ஓவர் முடிஞ்சப்புறம் டீ அனுப்பச் சொல்றேன்" என்றார்.