எருமை மூத்திரத்தில் போகும் புண்ணாக்குக் காசு

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே செலே ஆற்றுச் சமவெளி இருக்கிறது. ஒரு காலத்தில் மலேரியா பரவிய சதுப்பு நிலம். அன்று சேற்றில் புரண்ட எருமைகள் இன்று கொட்டகைகளில் நிற்கின்றன. அவற்றின் பால்தான் மொசரெல்லா பாலாடைக்கட்டி ஆகிறது. கட்டிக்குப் புரதம் வேண்டும். அதற்காகத் தீவனத்தில் புரதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பால் கூடுமா? ஓரளவுக்குத்தான்.

1 கிலோ புரதத்தில் 160 கிராம் தழைச்சத்து உண்டு. அதில் பாலுக்குப் போவது ஏறக்குறைய கால் பங்கு. பல எருமைகளில் அதுவும் இல்லை. மக்காச்சோளம் போன்ற மாவுச்சத்துத் தீவனம் போதாமல் சோயா புண்ணாக்கை மட்டும் கூட்டினால், அசை போடும் வயிற்றில் மிஞ்சும் புரதம் அம்மோனியாவாகும். ஈரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளிவிடும். சிறிது பாலிலும் இறங்கும். பாலில் யூரியா அளவைப் பார்த்தே தீவனத்தைத் திருத்தலாம்.

கழிவும் அங்கே பெரிய தலைவலி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991-ஆம் ஆண்டு நைட்ரேட் சட்டப்படி, நிலத்தடி நீர் கெடும் எனக் குறித்த பகுதிகளில் கால்நடைக் கழிவாக எக்டருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துதான் இடலாம். ஏக்கருக்கு 69 கிலோ. மீறினால், புண்ணாக்குக்குக் கொடுத்த காசும் போய், கழிவைக் கொட்ட வேறு நிலமும் தேட வேண்டும்.